பள்ளம் தாண்டும் குட்டிகள்
நெயுக்கேன் பொட்டல்வெளியில் காலைக் காற்று மண்ணை வாரி இறைக்கிறது. மலை மேய்ச்சலுக்குப் போகும் தடத்தின் குறுக்கே, எரிவாயுக் குழாய் புதைப்பதற்காக வெட்டிய பள்ளம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டு கிடக்கிறது. அதன் விளிம்பில் எர்சிலியா குதிரையை நிறுத்தியிருக்கிறாள். பின்னால் அவளுடைய வெள்ளாடுகள் முட்டி மோதிக் கத்துகின்றன. சுற்றிப் போகிற வழியில் தண்ணீர் கிடையாது. போன வாரம் பிறந்த குட்டிகள் தாங்காது. “குளிர்காலத்துக்குள்ள பியூனஸ் அயர்ஸுக்கு கேஸ் போய்ச் சேரணும் அக்கா. வருஷா வருஷம் கூடுதலாக் கேக்குறாங்க,” என்கிறான் மேஸ்திரி தாரியோ. “தாராளமாப் போகட்டும் தம்பி. என் வீட்டுல விறகுதான் எரியுது. என் ஆடு எப்படிப் போகும்? அதைச் சொல்லு.” தாரியோ பள்ளத்தைப் பார்க்கிறான், குட்டிகளைப் பார்க்கிறான். பிறகு மண்வாரி இயந்திரத்துக்குக் கை காட்டுகிறான். நேற்றெல்லாம் தோண்டிய மண் திரும்பவும் பள்ளத்துக்குள் சரிந்து ஒரு பாதையாகிறது. தாயாடுகள் முகர்ந்து பார்த்து, மிரண்டு, ஒரே ஓட்டமாகக் கடக்கின்றன. புதுமண்ணில் கால் புதைந்து விழிக்கும் குட்டிகளை வெல்டர்கள் தோல் கையுறையோடு அள்ளித் தூக்கி வருகிறார்கள். “மூத்திரம் பேஞ்சிருச்சு அக்கா,” என்கிறான் ஒருவன். “உன் மூஞ்சியப் பாத்திருக்கும்,” என்கிறாள் அவள், முகம் மாறாமல். தாரியோவின் இடுப்பில் வயர்லெஸ் கரகரக்கிறது. “அங்க ஏன் வேலை நிக்குது?” அவனுடைய இரு கைகளிலும் குட்டிகள். எர்சிலியா குதிரை மேலிருந்து குனிந்து வயர்லெஸ்ஸை உருவி எடுத்து, பொத்தானை அழுத்துகிறாள். “ஆடு போய்க்கிட்டிருக்கு,” என்கிறாள்.