எல்லப்பன் கிரவுண்டு

“அந்தப் பலகைய மாட்டாதீங்க ஐயா. இது எல்லப்பன் கிரவுண்டு.”

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தார். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஓடிவந்த தெய்வம்மா, மைதானத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப்புல்லில் வெறுங்காலோடு மெதுவாக நடந்து வந்தாள்.

வெள்ளியங்கிரி கோயமுத்தூர் டீத்தூள் கம்பெனி ஒன்றின் விளம்பர அதிகாரி. கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குக் கம்பெனி கால்பந்துப் போட்டி நடத்துகிறது. பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்த காட்டு மேட்டைச் சமன்செய்து, கோல் கம்பம் நட்டு, தகரக் கொட்டகையும் போட்டுக் கொடுத்திருந்தது. பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘சூடாமணி டீ மைதானம்’ என்ற பெயர். விடிந்தால் திறப்பு விழா.

எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஜனங்கள் எல்லாரும் சிலோனிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் வாயில் வேறு பெயர் புழங்குவதை அவரும் கேட்டிருந்தார்.

“எல்லப்பன் உங்களுக்கு என்ன ஆகோணுங்க?”

“மகன் ஐயா. ஒரே மகன். இங்க வந்த வருசமே காய்ச்சல்ல போயிட்டான்.” தெய்வம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மில் டீமில் பந்து விளையாடியவர் வெள்ளியங்கிரி. கூட ஆடி, அற்பாயுசில் போன சிநேகிதன் ஒருவனின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

“கம்பெனி பேரை மாத்த எனக்கு அதிகாரமில்லீங்கம்மா. வேணும்னா கொட்டகையில பையன் போட்டோவ மாட்டச் சொல்றனுங்க.”

“போட்டோ ஏதுங்க ஐயா? அந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம். அதையும் எடுத்துட்டா, அப்பிடி ஒருத்தன் இருந்தான்னே யாருக்குந் தெரியாது.”

ஏணி மேலிருந்த பெயின்டர் ஆணி அடிப்பதை நிறுத்திவிட்டான். வெள்ளியங்கிரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மேனேஜர் திட்டினால் திட்டட்டும்.

“பலகைக்குக் கீழ அவர் பேரையும் எழுதிப்போடறனுங்க. ‘இங்கே ஆடிய எல்லப்பன் நினைவாக’ன்னு. எந்த எடத்துல நின்னு ஆடுவாருங்க?”

தெய்வம்மா புரியாமல் விழித்தாள். பிறகு, புதிதாக நட்டிருந்த வடக்குக் கோல் கம்பத்தின் பக்கம் கையை நீட்டினாள்.

“ஓ, கோல்கீப்பருங்களா?”

“அவன் தவழக்கூட இல்லீங்க ஐயா, அங்கதான் பொதைச்சோம்.”