கண்ணசந்த ஆள்காட்டி

ஏரி பருந்தின் ஆட்சிக்கு வந்த பிறகும் ஆள்காட்டிக் குருவி வாயை மூடவில்லை. பருந்தின் நிழல் கரையில் விழுந்ததுமே கத்திவிடும். நீர்க்கோழி உடனே குஞ்சுகளை நாணலுக்குள் ஓட்டிக்கொண்டு போய்விடும். எந்நேரமும் இதே கூச்சல் என்று மற்ற பறவைகள் சலித்துக்கொள்ளும்; ஆனால் அந்தக் கூச்சலை நம்பித்தான் மேயும்.

ஒருநாள் பருந்து ஆள்காட்டியின் பக்கத்தில் வந்து இறங்கியது. அதட்டவில்லை. வெட்டவெளித் தரையில் கிடந்த முட்டைகளைக் குனிந்து பார்த்தது.

"இந்தத் தடவை நாலா? அழகா இருக்கு. பத்திரமா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

மறுநாள் காலையில் நிழல் விழுந்தது. ஆள்காட்டி அலகைத் திறந்தது. முட்டைகளின் சூடு வயிற்றில் பட்டது. அலகை மூடிக்கொண்டது.

ஆள்காட்டி கத்தவில்லை என்றால் ஆபத்தில்லை என்றே பழகியிருந்த நீர்க்கோழி, குஞ்சுகளைத் திறந்த தண்ணீரிலேயே விட்டிருந்தது.

ஒரு குஞ்சைப் பறிகொடுத்த நீர்க்கோழி மாலையில் ஆள்காட்டியைத் தேடிக்கொண்டு வந்தது.

"அக்கா, பருந்து வந்ததை நீ பாக்கலையா?"

"கண்ணசந்துட்டேன்" என்றது ஆள்காட்டி, அதன் முகத்தைப் பார்க்காமல்.

நீர்க்கோழி அதன் வயிற்றுக்கடியில் இருந்த முட்டைகளைப் பார்த்தது.

"அடைகாக்கிற உடம்பு, அசதி இருக்கத்தான் செய்யும். நாளைக்கு மட்டும் கொஞ்சம் முழிச்சிரு அக்கா. உன்னை நம்பித்தான் மிச்சம் ரெண்டையும் தண்ணியில விடறேன்."