கம்பளிக்காரன்

"கம்பளியைத் தூக்கு! மொகத்தக் காட்டு!"

காளியம்மன் திருவிழாக் கூட்டம் கூச்சல் போட்டது. மேடையில் தலை முதல் கால் வரை கறுப்புக் கம்பளியைப் போர்த்தியபடி அந்த உருவம் அசையாமல் நின்றது.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று வருசமாக இதே கூத்துதான். நல்லமுத்து நாடகம் எழுதுவார். கடைசியில் கம்பளிக்காரன் வருவான். கட்டைக்குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டு எல்லோர் வாயையும் அடைப்பான். ஆள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இந்த வருசக் கேள்வி ஆம்பளைகளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

நாடகத்தில் ஒருவன் பெண்டாட்டி சம்பளத்துக்கும் சேர்த்துக் கை நீட்டுகிறான். "அவளுதையும் என்கிட்ட குடுங்கய்யா, நான் குடுத்துடுறேன்" என்கிறான். தோட்டத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கம்பளிக்காரன் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கொழுந்து பறிச்சது அவ கை. சம்பளம் வாங்குறதுக்கு மட்டும் ஒன் கையா?"

பெண்கள் பக்கத்தில் முதலில் வீரம்மாதான் எழுந்து கை தட்டினாள். அப்புறம் அத்தனை பேரும் தட்டினார்கள்.

தோட்டத் தலைவர் சிவசாமி மாலையோடு மேடையேறி, ஓரமாக நின்ற நல்லமுத்துவைப் பார்த்தார்.

"எங்களுக்குச் சொரண வந்துருச்சுப்பா. வர்ற சம்பளத்த அவங்கவங்களே வந்து வாங்கட்டும். இந்த மாலை கம்பளிக்காரனுக்கு. யாரா இருந்தாலும் சரி, மொகத்தக் காட்டச் சொல்லு."

உருவத்தின் விரல்கள் கம்பளியின் ஓரத்தைப் பிடித்தன. நல்லமுத்து ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"வேணாங்க தலைவரே. வெளித்தோட்டத்து ஆளு, கூச்சப்படுவான். என்கிட்ட குடுங்க, நான் குடுத்துடுறேன்."

மாலை அவர் கழுத்தில் விழுந்தது. கைதட்டல் அடங்கியதும் திரும்பிப் பார்த்தார். கம்பளிக்காரனைக் காணவில்லை.

வழியெல்லாம் அவருக்கு மனசு அரித்தது. இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று பத்துத் தடவையாவது நினைத்திருப்பார். நினைத்து என்ன செய்ய?

லயத்து வீட்டு வாசலில் அவர் மனைவி பேச்சியம்மா கறுப்புக் கம்பளியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் மாலையைக் கழற்றி நீட்டினார்.

"பொம்பள மேடையேறுனான்னு தெரிஞ்சா நாலு பேரு என்னய என்ன சொல்லுவாங்க புள்ள... அதான்."

அவள் மாலையைத் தொடவில்லை. அவர் எழுதிக் கொடுக்காத ஒரு கேள்வியை, முதல் தடவையாகத் தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

"பேசுனது என் வாயி. மாலை வாங்குறதுக்கு மட்டும் ஒங்க கழுத்தா?"