ஒற்றைச் சொல் மாமனார்

"அப்பாவுக்கு இங்கிலீஷ்ல ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். 'கேன்', அதாவது 'முடியும்'. நீ பாட்டுக்குத் திருத்த ஆரம்பிச்சிடாதே, கிரஹாம்! முன்னாடி பொண்ணு கேட்டு வந்த ரெண்டு பேரும் கோப்பி ஆறுறதுக்குள்ள வெளியே போயிட்டாங்க."

ஹுவீ பின் என்ற அவன் காதலி எச்சரித்ததில் நியாயம் இருந்தது. லீட்ஸிலிருந்து சிங்கப்பூருக்கு இலக்கணம் கற்பிக்க வந்தவன் கிரஹாம். லிப்டில் ஒட்டியிருந்த 'எச்சில் துப்பாதீர்' அறிவிப்பைத் திருத்தப் போய், இறங்க வேண்டிய மாடியைக் கோட்டைவிட்டவன்.

தோ பாயோ வட்டாரத்துக் கோப்பிக்கடையில் அவளுடைய அப்பா, பெரியவர் குவெக், ஆங்கிலச் செய்தித்தாளும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்து, எதையோ வட்டமிட்டுக்கொண்டிருந்தார். லாட்டரிக்கு எண் பார்க்கிறார், எண்ணுக்கு மொழி எதற்கு என்று கிரஹாம் நினைத்துக்கொண்டான்.

"அங்கிள், இங்கே உக்காரலாமா?"

"கேன் லா." இதையெல்லாமா கேட்பார்கள் என்று அர்த்தம்.

கடைக்கார அம்மாள் தூரத்திலிருந்து ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"கேன்." இன்னொரு கோப்பி வந்தது.

கிரஹாம் சம்பால் மிளகாய் விழுதை அள்ளி மீ நூடுல்ஸில் போட்டுப் பிசறினான்.

"கேன் மே?" உன் வயிறு தாங்குமா என்று அர்த்தம். கண்ணில் நீர் வழிய, தாங்கும் என்று தலையாட்டினான்.

காப்புறுதி முகவர் ஒருவர் வந்து, பாலிசி எடுக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பேசினார்.

"கேன், கேன், கேன்."

முகவர் வாடிய முகத்தோடு எழுந்து போனார்.

"மூணு தடவை சொன்னா, இந்த ஜென்மத்துல நடக்காதுன்னு அர்த்தம்," என்றாள் ஹுவீ பின்.

எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தொண்டைவரை வந்ததை எல்லாம் கிரஹாம் கோப்பியோடு சேர்த்து விழுங்கினான். அன்றைக்கு அவன் பதினோரு கோப்பி குடித்ததாகக் கடைக்கார அம்மாள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

கடைசியில் துணிந்து கேட்டுவிட்டான். "அங்கிள், உங்க பொண்ணை எனக்குக் கட்டிக் கொடுப்பீங்களா?"

பெரியவர் அவனைப் பார்த்தார். மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"கேன்."

லாவும் இல்லை, மேவும் இல்லை. இது எந்த வகை? கிரஹாம் திரும்பினான். ஹுவீ பின்னின் முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"ரொம்ப நன்றி, அங்கிள்!"

"அவ்வளவுதானா தம்பி? கடைசிவரைக்கும் ஒரு தடவைகூடத் திருத்த மாட்டியா?"

கேட்டவர் பெரியவர்தான். அதுவும் வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போல, சுத்தமான ஆங்கிலத்தில்.

கிரஹாம் ஹுவீ பின்னைத் திரும்பிப் பார்த்தான். அவள் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தாள்.

"திருத்தாதேன்னு இவ உன்கிட்டச் சொல்லியிருப்பா, தெரியும். அந்த ரெண்டு பேர்கிட்டயும்தான் சொன்னா. கேட்டாங்களா? எம் பொண்ணு சொன்னாக் கேக்கிற ஆள்தான்ப்பா எனக்கு வேணும்!"

சொல்லிவிட்டுச் செய்தித்தாளை அவன் பக்கம் தள்ளினார். சிவப்பு வட்டங்களுக்குள் ஓர் எண்கூட இல்லை, அத்தனையும் ஆங்கிலப் பிழைகள். ஓரத்தில், முப்பத்தாறு வருடம் ஆங்கில ஆசிரியராக இருந்த கை பத்திரிகைக்குப் பத்துக்கு நாலும், அதற்குக் கீழே மாப்பிள்ளைக்குச் சம்பாலுக்குக் கண் கலங்கியதற்காக ஒன்றைக் குறைத்துப் பத்துக்கு ஒன்பதும் போட்டிருந்தது.