எரிக்க அனுமதி

போகிக்கு எதை எரிப்பதானாலும் பத்து நாள் முன்பே நகராட்சிச் செயலியில் போட்டுவிட வேண்டும். வார்டில் யாராவது ‘எனக்கு வேண்டும்’ என்று அழுத்திவிட்டால், எரிக்கக் கூடாது, கொடுத்துவிட வேண்டும். யாருக்கும் வேண்டாததற்குத்தான் தீ.

சபாரத்தினம் இந்த வருடம் தன் துப்பறியும் நாவலைப் போட்டார். கையெழுத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். எந்தப் பதிப்பகமும் சீந்தாதது.

“பரணை அடைச்சிட்டுக் கெடக்குன்னு சொல்வியே, தொலையட்டும்” என்று மனைவி கோமளாவிடம் வீறாப்பாகச் சொன்னார். வார்டில் எவனாவது ஒருத்தன் கேட்காமலா போவான் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

கோமளா போட்ட கால் உடைந்த ஸ்டூலுக்குப் பதினோரு பேர் போட்டி போட்டார்கள். நாவலை ஒரு ஈ, காக்கைகூடக் கேட்கவில்லை.

போகிக்கு முதல்நாள் மாலை ஐந்து மணியோடு கெடு. நாலே முக்காலுக்கு அவர் தீப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் போன் சிணுங்கியது.

‘ஒருவருக்கு வேண்டும். எரிக்க அனுமதி இல்லை.’

பதறிப்போய்ப் பெயரைப் பார்த்தார். கோமளா. அதே கதவு எண்.

“ஏன்டி, நீயா கேட்ட?”

“நாளைக்கு வடை சுடணும். எண்ணெ வடியக் காகிதம் வேணாமா?” சமையலறையிலிருந்து பதில் வந்தது.

மறுநாள் வடையெல்லாம் சல்லடைத் தட்டில் வடிந்துகொண்டிருந்தது. கோமளா அடுப்பை அணைத்துவிட்டு முப்பதாம் பக்கத்தில் இருந்தாள். அவர் மெல்லப் பக்கத்தில் போய் நின்றார்.

“தள்ளிப் போங்க. கொலகாரன் யாருன்னு சொல்லித் தொலைச்சிடாதீங்க.”