மறியலில் நின்ற பஸ்ஸில் ஒரு சைனா பொட்டலம்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்பவர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரம் கள்ளக்குறிச்சி சாலையை மறித்துக் கிடக்கிறது. நின்றுபோன பஸ்ஸுக்குள் வெயில் தகிக்கிறது. மசக்கைக்கார மனைவி ருக்‌ஷானா ஆசைப்பட்டாளென்று, மெட்ராஸ் முழுக்க அலைந்து, ஹலால் கோழி போடும் நல்ல சைனா ஓட்டலைக் கண்டுபிடித்து நூடுல்ஸ் வாங்கி வரும் அமீனுல்லா, பொட்டலத்தை மடியோடு இறுக்குகிறார். கோடாலியோடு பஸ்ஸில் ஏறிய மறியல்காரர் ஒருவர் அதைப் பிரித்து, உள்ளிருந்த கறுப்புப் பாட்டிலை ஆட்டிப் பார்க்கிறார். "இன்னா பாய் இது, ஆசிட்டா?" "இல்லீங்க, நூடுல்ஸ் மேல ஊத்திக்கிற சாறுங்க." "அப்ப குடி, பாக்கலாம்." அமீனுல்லா மூடியைத் திறந்து குடிக்கிறார்; உப்பு தொண்டையை அறுக்கிறது. பின்சீட்டில் யாரோ, "பாய்க்கு நல்ல விருந்துடா!" என்று சிரிக்கிறார். பாதியில் நிமிரும்போதுதான், கோடாலி பிடித்த கையும் தன் கையைப் போலவே நடுங்குவதை அமீனுல்லா பார்க்கிறார். "முழுசும்" என்கிறார் கோடாலிக்காரர்.