இவண்

"கண்ணீர் அஞ்சலின்னு போடாத தாயி. அழுகுற மாதிரி எதுவும் வேணாம்."

நாகராசு சொன்னதும் ரஞ்சிதா கம்ப்யூட்டர் திரையிலிருந்த மெழுகுவத்தியை அழித்தாள். அதற்குக் கீழே ஒரு கண்ணும், அதிலிருந்து சொட்டும் துளியும் இருந்தன. அவற்றையும் அழித்தாள்.

இலுப்பூர் கடைவீதியில் ஒன்பது வருடமாக ப்ளெக்ஸ் பேனர் அடித்துக் கொடுக்கிறாள். அஞ்சலி பேனர் என்றால் கை தானாக அந்தப் படங்களைத்தான் தேடிப் போகும். வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

மறுநாள் அவருடைய ஒரே மகன் பிரவீன்குமாரின் முதலாம் ஆண்டு நினைவு நாள்.

விராலிமலை ரோட்டில் பைக்கில் போய் விழுந்தவன். இருபத்துமூன்று வயது. திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள். அவனுடைய கல்லீரலும் இரண்டு சிறுநீரகங்களும் இரண்டு கண்களும் ஐந்து பேருக்குப் போயின.

ஊர் முகப்பில் கட்டுவதற்கு எட்டுக்கு ஆறு அளவில் பேனர் கேட்டு வந்திருந்தார்.

"அப்ப என்ன கலர்ல போடட்டும்ங்கய்யா?"

சுவரோரம் விரித்துப் போட்டிருந்த காதணி விழா பேனரைக் கைகாட்டினார். மஞ்சளும் சிவப்புமாக, ஓரமெல்லாம் ரோஜாவுடன் கிடந்தது அது.

"அந்தா, அது மாதிரி."

ரஞ்சிதா அந்தப் பேனரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரை முழுக்க மஞ்சளை ஊற்றினாள்.

போட்டோவும் அவரே எடுத்துவைத்திருந்தார். டிராக்டர் மட்காடில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறான் பிரவீன். சட்டையில் சேறு. வேறு நல்ல படம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே அதைப் பெரிதாக்கி நடுவில் வைத்தாள்.

மேலே எழுதினாள்: 'ஐந்து பேரை வாழவைத்த எங்கள் மகன்.'

நாகராசு எழுத்துக்கூட்டி வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். காதணி விழா பேனரை வாங்க வந்து காத்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களும் வந்து படிச்சுப் பாருங்க. எம் மவன்தான்."

அந்த மனிதர் எழுந்து வந்து வாசித்தார். முடித்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

நாகராசு நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இனி பாக்கி இருந்தது அடியில் வரும் 'இவண்' மட்டும். மற்றவர்கள் அந்த இடத்தில் மாமன் மச்சான், பங்காளி என்று இருபது பேரை அடைப்பார்கள். ரஞ்சிதா பிரவீனின் அப்பா, அம்மா இரண்டே பேரைத் தட்டினாள்: நாகராசு, முனியாயி.

"எம் பேர எடுத்துரு தாயி."

"அப்பா பேர் இல்லாம எப்புடிங்கய்யா?"

அவர் மடியிலிருந்த பாலிதீன் பையைப் பிரித்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தார். உறுப்புதானத்துக்குச் சம்மதம் கேட்கும் படிவம். அதில் அவர் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு உயரம். கடைசி 'யி'யின் சுழி கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது.

"டைப் அடிக்காத. இந்தக் கையெழுத்தையே பெருசாக்கிப் போடு."

ரஞ்சிதா தாளை ஸ்கேன் செய்து பெரிதாக்கினாள். முனியாயியின் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு புள்ளிக்கோடு வந்தது. ஓரத்தில் 'தந்தை' என்று அச்சாகியிருந்தது.

கோடு காலியாக இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போடமாட்டேன்னுட்டேன் தாயி. நீயே பாத்துக்கன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுல போயி ஒக்காந்துட்டேன். அவ ஒருத்தியா நின்னு போட்டா. பெத்த பிள்ளைய அறுக்கக் குடுத்தவளாம்னு ஊரே அவளப் பேசுச்சு. மொதல்ல பேசுனது நாந்தான்."

ரஞ்சிதா தட்டியிருந்த இரண்டு பெயரையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கையெழுத்தை வைத்தாள்.

"இன்னும் பெருசா."

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்தாள்.

பேனர் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கோணல்மாணலான அந்த எழுத்தை ஊரார் வாசிப்பார்களா என்று அவளுக்குச் சந்தேகம். பக்கத்தில் சின்னதாக அச்செழுத்திலும் பெயரைப் போடவா என்று கேட்டாள்.

"வேணாம். ஊரு கேட்டுத் தெரிஞ்சுக்கும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது தாயி. இது ஒண்ணுதான் தெரியும். பிரவீன் சொல்லிக் குடுத்தது."